கீரியைக் கொல்லாதீர்கள், ஓட்டையை அடையுங்கள்

சென்னைப் புறநகரில் முடிச்சூர், வரதராஜபுரம், மண்ணிவாக்கம் பக்கங்களில் ஒரு காலத்தில் மாடு கட்டிய பல வீடுகளில் இன்று கொட்டகை மட்டும்தான் நிற்கிறது. மேய்ச்சல் நிலம் மனைகளாகிவிட்டது. முளைக்குச்சி இருந்த இடத்தில் பழைய சைக்கிளும் விறகும் கிடக்கின்றன. நாட்டுக்கோழி முட்டை விற்கிற விலையைப் பார்த்து, அந்தக் கொட்டகையில் பத்துக் கோழி விடலாமே என்று பலரும் நினைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஒன்றை மட்டும் மறந்துவிடுகிறார்கள். கொட்டகை மாட்டுக்காகக் கட்டியது. மாட்டை எந்தக் கீரியும் கவ்விக்கொண்டு போவதில்லை.

முதல் கோழி போன மறுநாள் நடப்பதுதான் கவலைக்குரியது. முட்டைக்குள் எலி மருந்தை வைப்பார் ஒருவர். கம்பியில் கரண்ட் விடுவார் இன்னொருவர். கண்ணி வைக்க ஆள் தேடுவார் மூன்றாமவர். கோழியைப் பறிகொடுத்தவர் இந்த மூன்றில் எதைச் செய்தாலும் குற்றவாளி ஆகிவிடுகிறார்.

கீரி, மரநாய், உடும்பு, சாரை, நல்ல பாம்பு, வல்லூறு ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. கண்ணி வைப்பது, பொறியில் பிடிப்பது, விஷம் கொடுப்பது எல்லாமே அந்தச் சட்டத்தில் வேட்டைதான். முயற்சி பலிக்காவிட்டாலும் குற்றம் குற்றமே. உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகமாக ஏழு ஆண்டு சிறை. தற்காப்புக்காகக் கொன்றால் தப்பில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. 11ஆவது பிரிவு அப்படி ஒரு விலக்கைத் தருவது உண்மைதான். ஆனால் அது மனித உயிரைக் காப்பதற்கு மட்டும். கோழியின் உயிருக்கு அந்த விலக்கு இல்லை.

தெரு நாய்க்கும் பூனைக்கும் வனவிலங்குச் சட்டம் பொருந்தாது. ஆனால் அவற்றை விஷம் வைத்துக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். இதே பிரிவு கோழி வளர்ப்பவருக்கும் துணை. பக்கத்து வீட்டுக்காரர் ஆத்திரத்தில் உங்கள் கோழிக்கு மருந்து வைத்தால், நீங்கள் புகார் எழுத வேண்டியது இதன் கீழ்தான். செத்த கோழியைப் புதைத்துவிடாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் இறப்புக்கான காரணத்தை எழுதி வாங்குங்கள். அந்தத் தாள் இல்லாமல் புகார் நிற்காது.

எலி மருந்து பற்றி ஒரு வார்த்தை. 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையை 2023இல் தமிழ்நாடு அரசு தடை செய்துவிட்டது. தற்கொலைகளுக்கு அது பயன்பட்டதுதான் காரணம். தடை இல்லாத மருந்தாகவே இருந்தாலும், அதைத் தின்று தள்ளாடி வரும் எலியை முதலில் கொத்துவது உங்கள் கோழியாகத்தான் இருக்கும்.

கரண்ட் கம்பி இதைவிட மோசம். பன்றிக்கும் எலிக்கும் வைத்த மின்வேலியில் மனிதர்கள் சிக்கிச் சாகும் செய்தி தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் வருகிறது. வீட்டு இணைப்பிலிருந்து வேலிக்கு மின்சாரம் எடுத்தால் மின்சாரச் சட்டம் பாயும். யாராவது இறந்தால் கொலை ஆகாத மரணத்தை விளைவித்த வழக்கும் வரலாம். மழைக்காலத்தில் தெருவிலேயே தண்ணீர் நிற்கிற ஊரில் அந்தக் கம்பி முதலில் யாரைப் பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொல்ல வழியில்லை என்றால், வந்தவன் யார் என்று தெரிந்துகொண்டு வழியை அடைப்பதுதான் மிச்சம். செத்த கோழியே பாதி சொல்லிவிடும். கழுத்திலும் தலையிலும் மட்டும் கடி, உடல் அப்படியே கிடக்கிறது என்றால் பெரும்பாலும் கீரி. நாலைந்து கோழி அங்கங்கே கிழிந்து கிடந்து, முற்றமெல்லாம் இறகு பறந்தால் நாய். குஞ்சு மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போகிறதா, பூனையையோ பெருச்சாளியையோ சந்தேகப்படுங்கள். பகலில் போனால் காகத்தையும் வல்லூறையும். முட்டை ஓடுகூட மிஞ்சாமல் மறைகிறது என்றால் பாம்பாக இருக்கலாம்; குஞ்சு ஈரமாக நசுங்கிக் கிடந்தால், விழுங்க முடியாமல் பாம்பு விட்டுப் போயிருக்கலாம். அது சாரையாக இருந்தால் அடிக்கக் கை ஓங்காதீர்கள். பெருச்சாளியைத் தின்று தீர்க்கிற பாம்பு அது. அதைக் கொன்ற வீட்டில் அடுத்த மாதம் தரையெல்லாம் வளைதான்.

இனி கொட்டகைக்கு வருவோம். முதலில் குனிந்து பின்சுவரின் அடியைப் பாருங்கள். கோமியம் வடிய வேண்டும் என்பதற்காகத் தரையை அந்தப் பக்கம் சாய்த்து, ஒரு செங்கல்லை எடுத்துவிட்டது போல ஒரு துளை விட்டிருப்பார்கள். மாடு இருந்த காலத்தில் அதை யாரும் வாசலாக நினைத்ததில்லை. இப்போது டார்ச் அடித்துப் பாருங்கள். துளையின் வாயில் புது மண் குவிந்திருந்தால் பெருச்சாளி குடிவந்துவிட்டது. கீரி நுழைவதற்கும் அந்த அகலம் தாராளம். துளையை முழுதாக அடைத்துவிட்டால் கழுவிய தண்ணீர் வெளியேறாது, எச்சம் ஊறி நாற்றம் கிளம்பும், பிறகு பக்கத்து வீட்டுச் சண்டை. அதனால் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்ஷை வெட்டி, இரண்டு மடிப்பாக வைத்து, ஓரத்தைச் சிமெண்டில் புதைத்துவிடுங்கள்.

அடுத்த ஓட்டை தலைக்கு மேலே. அரைச்சுவருக்கும் கூரைக்கும் நடுவே காற்றுக்காக விட்ட இடம் மரநாய்க்கு ராஜபாட்டை. தென்னை மரத்திலிருந்து ஷீட்டுக்கு இறங்கி அங்கிருந்து உள்ளே வரும். அந்த இடத்தைப் பலகையால் மூடாதீர்கள். காற்று இல்லாமல் கோழிக்கு மூச்சு நோய் வரும். வலை போதும். சிமெண்ட் ஷீட்டின் வளைவு சுவரில் உட்காரும் இடத்தில் பிறை பிறையாக இடைவெளி இருக்கும். அதையும் ஒவ்வொன்றாகப் பூச வேண்டும். கீற்றுக் கூரையாக இருந்தால் கீழே ஒரு வலை கட்டாயம்.

எந்த வலை என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஹார்டுவேர் கடையில் ‘கோழி வலை’ என்று தருகிற மெல்லிய அறுகோணக் கம்பி வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நாய் அதைப் பல்லால் பிய்த்துவிடும். நைலான் வலையைப் பெருச்சாளி ஓர் இரவில் கடித்துவிடும். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை அரை அங்குல வெல்டு மெஷ், அதற்கு மேல் ஒரு அங்குலம் என்று போட்டால் செலவும் கட்டுப்படும். கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டாமல், வாஷர் வைத்து ஸ்குரூ போடுங்கள்.

கொட்டகைத் தரை சிமெண்டாக இருந்தால் அடியில் பயமில்லை. வெளியே மண் தரையில் கோழி உலாவ ஓட்டம் அமைக்கும்போது, வேலியை ஓர் அடி ஆழம் புதைத்து, அதன் அடியை வெளிப்பக்கம் இன்னும் ஓர் அடி மடக்கி மண் மூடுங்கள். தோண்டுகிற விலங்கு வேலி ஓரத்தில்தான் தோண்டும். தோண்டிய இடத்தில் கம்பி தட்டுப்பட்டால் விட்டுவிடும். மேலே வலை இல்லாத ஓட்டம் வல்லூறுக்கு இலை போட்டது போல. கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளிகூட வேண்டாம். மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள்.

இரவு அடைகிற இடத்தில் கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடியாவது வேண்டும். வெளி ஓட்டத்தில் எட்டு முதல் பத்து. பழைய தீவனக் காடியை இடித்துவிடாதீர்கள். நடுநடுவே செங்கல் வைத்துத் தடுத்து வைக்கோல் போட்டால் அதுவே முட்டையிடும் பெட்டி. கோழி உட்காரும் கம்பைத் தரையிலிருந்து மூன்றடியில் கட்டுங்கள். முடிச்சூருக்கு அந்த உயரம் ஆடம்பரமில்லை. 2015 டிசம்பரில் இங்கே ஆட்களையே படகில் மீட்டார்கள். அதற்குக் காரணம் செம்பரம்பாக்கம் ஏரி இல்லை; அதன் தண்ணீர் அடையாற்றில் சேருவது முடிச்சூருக்குக் கீழேதான். இந்த ஊரை மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி. வெள்ளம் ஏறும்போது பாம்பும் மேடு தேடும். உயரமான, காய்ந்த கோழிக்கூடு அதற்கு நல்ல இடம். டார்ச் இல்லாமல் முட்டை எடுக்கக் கையை விடாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பு கூட்டுக்குள் இருந்தால் தீயணைப்புத் துறைக்குச் சொன்னால் வந்து பிடிப்பார்கள்.

கொட்டகை உங்கள் பட்டாவில்தான் நிற்கிறதா என்று செலவு செய்யும் முன் பார்த்துவிடுங்கள். ஆற்றோரப் புறம்போக்கில் நின்றால், எவ்வளவு நல்ல வலை அடித்தாலும் ஆக்கிரமிப்பு அகற்றும் நாளில் பேச உரிமை இருக்காது.

வீட்டில் பத்து இருபது கோழி வளர்ப்பதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி தேவையில்லை. அது ஆயிரக்கணக்கில் வளர்க்கும் பண்ணைகளுக்கானது. ஆனால் நாற்றம், ஈ, சத்தம் என்று பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால் பொதுத் தொல்லை என்ற கணக்கில் உள்ளாட்சியும் வருவாய்த் துறையும் தலையிடலாம். 2025 பிப்ரவரியில் கேரளத்தின் அடூரில் இது நடந்தது. விடியற்காலை மூன்று மணிக்குச் சேவல் கூவுகிறது, தூக்கமில்லை என்று ஒரு முதியவர் புகார் கொடுத்தார். வருவாய்க் கோட்ட அதிகாரி இரு தரப்பையும் கேட்டார். மாடியில் இருந்த கூட்டை வளாகத்தின் தென்பக்கத்துக்கு 14 நாளில் மாற்றச் சொன்னார். கோழி வளர்க்காதே என்று சொல்லவில்லை. என் கணக்கில் அது நியாயமான தீர்ப்பு. முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை; குஞ்சு பொரிக்கும் எண்ணம் இருந்தால் ஒன்று போதும். கூட்டை அடுத்த வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே வைக்காமல் இருந்தாலே பாதிப் புகார் எழாது.

வலையால் தடுக்க முடியாத எதிரி வெள்ளைக்கழிச்சல். ஒரு வாரத்தில் கூட்டையே காலி செய்துவிடும். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இதற்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. வளர்ப்பு முறையில் சந்தேகம் இருந்தால், வண்டலூரைத் தாண்டிக் காட்டுப்பாக்கத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

ஒரே நாளில் மூன்று நான்கு கோழி காயமில்லாமல் சுருண்டு கிடந்தால் கீரியைத் தேட வேண்டாம். அன்றே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் கொடுங்கள். தொற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் தெரிவிக்க வேண்டியது 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி வளர்ப்பவரின் கடமை. பறவைக் காய்ச்சலைத் தடுக்க அரசு கொன்று அழிக்கும் கோழிக்கு இழப்பீடு உண்டு. அதற்கு முன்பே செத்து, சொல்லாமல் புதைத்த கோழிக்கு எதுவும் கிடைக்காது.