ஏற்றமும் இறக்கமும் கியரும்

கோலா சுங்கை பாரு வட்டாரத்தில் செம்பனைக் குலையேற்றித் தோட்டப் பாதையில் செல்லும் பழைய பிக்கப் வண்டிக்கு, கியர் மாற்றும் வேளையை உணர்த்துவது வேகமானி அன்று; இஞ்சினின் ஓசையே ஆகும். ஓசை கனத்து வண்டி அதிருமாயின் கியரைக் குறைத்தல் வேண்டும். ஓசை வீறிடுமாயின் கூட்டுதல் வேண்டும். மேடேறுங்கால் திணறும்வரை காத்திராது, அடிவாரத்திலேயே குறைத்துக்கொள்வது நன்று. பாதி மேட்டில் கிளட்சை மிதித்தால் பாரம் வண்டியைப் பின்னுக்கு இழுத்துவிடும்.

பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றுபடுத்தும் 'சிங்குரோமெஷ்' அமைப்பு 1928இல் காடிலாக் கார்களில் வந்தது. எனினும், 1948இல் தோன்றிய லேண்ட் ரோவரில் மூன்றாம், நான்காம் கியர்களுக்கே அது இருந்தது. 1971இல் வந்த மூன்றாம் வரிசை வண்டியில்தான் முன்செல்லும் நான்கு கியர்களும் அதனைப் பெற்றன. அஃதில்லாத கியருக்குக் குறைக்குங்கால் கிளட்சை இருமுறை மிதித்தல் வேண்டும்: முதல் மிதியில் கியரை நடுநிலைக்குக் கொணர்ந்து, கிளட்சிலிருந்து காலை எடுத்து, எண்ணெய் மிதியைச் சற்றே அழுத்தி, மறுமிதியில் கீழ்க்கியரைப் போடுக.

இறக்கத்தில் நடுநிலையில் ஓட்டினால் எண்ணெய் மிச்சமாகும் என்பார் உளர். அஃது உயிரைப் பணயம் வைக்கும் சிக்கனமாகும். இஞ்சினின் பிடிப்பு நீங்கியதும் முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிமானம் இழக்கும். ஆதலின், ஏறுவதற்கு வேண்டிய கியரிலேயே இறங்குதல் வேண்டும்.