ஒரு பாட்டு... ரெண்டு நம்பர்!

உங்க காலேஜ் பேண்டோட முதல் பாட்டு ரெடி. ஸ்டூடியோ வாடகை கட்டியே எல்லார் பாக்கெட்டும் காலி. இன்னிக்கு நைட்டே நெட்ல ஏத்திடலாம்னு ப்ளான். ஒரு நிமிஷம் பாஸ்... உங்ககிட்ட இருக்கறது எத்தனை பாட்டு? ஒண்ணுன்னு சொன்னா அவுட்! ராயல்டி கணக்குல அது ரெண்டு. ட்யூனும் வரிகளும் சேர்ந்த படைப்பு ஒண்ணு. அதைப் பாடி, வாசிச்சு, பதிவு செஞ்ச ஒலிப்பதிவு இன்னொண்ணு.

'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'ன்னா விட்னி ஹூஸ்டன்தான் ஞாபகத்துக்கு வருவாங்க. ஆனா, அதை எழுதினது டாலி பார்ட்டன். 1974-லேயே அவரே பாடி வெளியிட்டுட்டார். விட்னி பாடினது 1992-ல, 'தி பாடிகார்ட்' படத்துக்காக. படைப்பு ஒண்ணு, ஒலிப்பதிவு ரெண்டு. விட்னியோட சி.டி. வித்தாலும் எழுதின டாலிக்குப் பங்கு உண்டு.

இந்தக் கணக்கு குழம்பாம இருக்கத்தான் ரெண்டு நம்பர். ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. மொத்தம் 12 இடம். முதல் 5 இடம் நம்பர் யார் மூலமா வந்ததுன்னு காட்டும். அடுத்த 2 வருஷம். பாடின வருஷம் இல்லீங்க, நம்பர் ஒதுக்கின வருஷம். மிச்சம் 5 வரிசை எண். லைவ்ல பாடினாலோ, ரீமிக்ஸ் பண்ணினாலோ அது வேற பதிவு, அதுக்கு வேற நம்பர்.

படைப்புக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. 'டி' எழுத்து, 9 இலக்கம், கடைசியில ஒரு செக் டிஜிட். 1995-ல முதல் நம்பர் வாங்கின பாட்டு, 'அபா' குழுவோட 'டான்ஸிங் குவீன்'. டி-000.000.001-0. கடைசி 0 எப்படி வந்தது? ஒவ்வொரு இலக்கத்தையும் அதோட இடத்தால பெருக்கிக் கூட்டி, 1 சேர்க்கணும். 9x1+1=10. அடுத்த பத்துக்குப் போக எதுவும் வேண்டாம், அதனால 0. ஒரு இலக்கத்தைத் தப்பா அடிச்சா பெரும்பாலும் காட்டிக் கொடுத்துடும். ஐ.எஸ்.ஆர்.சி.க்கு இந்த வசதி கிடையாது, பாவம்!

வில்லங்கம் எங்கேன்னா, இந்த ரெண்டு நம்பரையும் யாராவது முடிச்சுப் போட்டாத்தான் காசு எழுதினவருக்குப் போகும். அமெரிக்காவுல 2021 பிப்ரவரியில ஸ்ட்ரீமிங் கம்பெனிகள், உரிமையாளர் யார்னு பொருந்தாம தேங்கிக் கிடந்த பழைய ராயல்டியை, எம்.எல்.சி. அமைப்புகிட்ட ஒப்படைச்சாங்க. எவ்வளவு தெரியுமா? சுமார் 42.4 கோடி டாலர்! பாட்டு ஓடியிருக்கு, எழுதினவர் கைக்கு வரலை.

ஐ.எஸ்.ஆர்.சி.யைப் பாட்டை ஏத்தித் தர்ற டிஸ்ட்ரிபியூட்டரே பெரும்பாலும் கொடுத்துடுவார். இன்னொண்ணு தானா வராது. நம்ம நாட்டுல ஐ.பி.ஆர்.எஸ்.ஸுல உறுப்பினராகி, படைப்பைப் பதிவு செய்யணும். நாளைக்கு டிஸ்ட்ரிபியூட்டரை மாத்தினாலும், அதே பதிவுக்குப் பழைய ஐ.எஸ்.ஆர்.சி.யையே கொடுங்க.

முக்கியமா, ஏத்தறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல வரி யாரோடது, ட்யூன் யாரோடது, யாருக்கு எத்தனை சதவீதம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கங்க. பாட்டு ஹிட்டானதுக்கு அப்புறம் இந்தப் பேச்சை எடுத்தா, ரிகர்சலுக்கு டீ வாங்கிட்டு வந்தவர்கூட, "மச்சி, அந்த ரெண்டாவது வரி நான் சொன்னதுடா"ம்பார்!