கோல் சரிந்தால் எல்லையும் சரியும்

பூவரசங்குளத்தில் காணி அளக்க ஆட்கள் வந்தால், எல்லோருடைய பார்வையும் கருவிக்குப் பின்னால் நிற்கும் நில அளவையாளர் மீதுதான் இருக்கும். வேலிக்கரையில் கோல் பிடித்து நிற்கும் உதவியாளரை எவரும் கவனிப்பதில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில் நானும் அங்கே அப்படி நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அளக்கும்போது பார்க்க வேண்டியது அந்தக் கோலைத்தான்.

உதவியாளரின் வேலை காட்டுக்கத்தியோடு தொடங்கும். கருவிக்கும் கோலுக்கும் இடையில் எதுவும் மறைக்கக்கூடாது என்பதால் பற்றைகளை வெட்ட வேண்டும். பிறகு பழைய எல்லைக்கல்லைத் தேட வேண்டும். கல் கிடைத்தால் அதன்மேலும், கிடைக்காவிட்டால் எல்லை என்று காட்டப்படும் புள்ளியிலும், பிரிசம் பொருத்திய கோலை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். பிரிசம் ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கும்போது கோல் 2 பாகை சரிந்தால், அளவு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் தள்ளிப்போகும்.

அதைவிடப் பெரிய தவறு, கோலைப் பிழையான இடத்தில் ஊன்றுவது. 200 அடி நீள எல்லை 1 அடி உள்ளே வந்தால் 200 சதுர அடி போய்விடும். ஒரு பேர்ச் என்பதே 272¼ சதுர அடிதான்.

கருவி எவ்வளவு நவீனமானாலும் கோல் நிற்கும் இடத்தைத்தான் அளக்கும். அதுதான் உண்மையான எல்லையா என்று அதற்குத் தெரியாது. இடம்பெயர்ந்து பல வருடங்கள் கழித்துத் திரும்பிய வன்னி மக்கள் பலருக்கு வேலியும் இல்லை, கல்லும் இல்லை, அனுமதிப்பத்திரமும் கையில் இல்லை. வேலிக் கதியாலாக நட்ட பூவரசும் கிளுவையும் மரமாகி நின்ற வரிசைதான் சில இடங்களில் எங்களுக்கு அடையாளம். "கிணத்துக்கு அங்கால பன்னிரண்டு எட்டு வை தம்பி" என்றார் ஒரு அம்மா. அங்கே தோண்டினோம், கல் கிடந்தது.

எல்லா அளவையும் உரிமையாளரின் நன்மைக்காக நடப்பதில்லை. 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் கீழ் காணியை எடுப்பதற்கும் அளவை தேவை. முல்லைத்தீவு வட்டுவாகலில் கடற்படைத் தளத்துக்காக 617 ஏக்கரைச் சுவீகரிக்க அளவிட வந்தவர்களை மக்கள் பல தடவை திருப்பி அனுப்பியது அதனால்தான்.

ஆகவே, அளக்க வருபவர்களிடம் யார் சொல்லி, எதற்காக அளக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். உங்கள் தேவைக்கான அளவை என்றால் தேத்தண்ணி போட உள்ளே போய்விடாதீர்கள். அயலவரையும் கூட்டிக்கொண்டு, கோல் பிடிப்பவரோடு எல்லை முழுவதும் நடவுங்கள். தேத்தண்ணியைப் பிறகு குடிக்கலாம்.