மின்னணு அளவைக் கருவிகளில் காப்பு மின்கல மாற்றமும் அளவுத்திருத்தப் பாதுகாப்பும்

முன்னுரை

மின்னணு அளவைக் கருவியின் துல்லியம் அதன் சுற்றுகளை மட்டும் சார்ந்ததன்று. அளவுத்திருத்தத்தின்போது பதிவுசெய்யப்பெறும் திருத்த மாறிலிகளையும் சார்ந்தது. 1980, 1990களின் கருவிகள் பலவற்றில் இம்மாறிலிகள், மின்சாரம் நின்றால் அழியும் நினைவகத்தில் அமைந்து, சிறியதொரு லித்தியம் மின்கலத்தால் காக்கப்படுகின்றன. மின்கலம் தீர்ந்தால் மாறிலிகளும் மறையும். தென்காசி மாவட்டத்து வீரகேரளம்புதூர் போன்ற ஊரில் இயங்கும் பணிமனைக்கு இஃது எளிய இழப்பன்று. கருவியை ஆரியங்காவுக் கணவாய் கடந்து திருவனந்தபுரத்து மின்னணு வட்டாரச் சோதனைக்கூடத்திற்கோ, தொலைவிலுள்ள சென்னைக்கோ கொண்டுசெல்ல நேரும். இதனைத் தவிர்க்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

நினைவக வகைகள்

முதலில், மாறிலிகள் தங்கும் இடத்தைப் பழுதுநீக்கக் கையேட்டின்வழி அறிதல் வேண்டும். அவை மின்சாரமின்றியும் அழியாத ஈப்ராம், ஃபிளாஷ் நினைவகங்களில் இருப்பின், மின்கல மாற்றத்தால் அவற்றுக்குக் கேடில்லை, கடிகாரமே நிற்கும். சில கருவிகளில் மின்கலம் சுற்றுப்பலகையில் தனியே இருக்கும். வேறு சிலவற்றில் நினைவகச் சில்லின் கூட்டுக்குள்ளேயே பொதியப்பட்டிருக்கும். எச்.பி. 3458ஏ மல்டிமீட்டரின் டி.எஸ்.1220 சில்லு இவ்வகையினது. புறமின்சாரமின்றி 10 ஆண்டுகள் தரவைக் காக்கும் என்பது அச்சில்லின் வரையறை.

மாற்றும் முறை

எவ்வகையாயினும், படியெடுத்தலே முதற்பணி. மாறிலிகளைக் கணினி இணைப்பின் வழியாகவோ திரையில் தோன்றும் பட்டியலிலிருந்தோ பதிவுசெய்து வைத்தல் வேண்டும். பொதிந்த சில்லைப் பலகையிலிருந்து கழற்றினாலும், உள்மின்கலம் தீராதவரை தரவு நிலைக்கும். எனவே அதனை நிரலேற்றியில் படித்துப் புதிய சில்லில் எழுதலாம்.

தனி மின்கலமாயின், கருவியை மின்னிணைப்பிலிருந்து நீக்கியபின், இரண்டு புதிய 1.5 வோல்ட் மின்கலங்களைத் தொடராக இணைத்து, ஷாட்கி டயோடு வழியே நினைவகத்திற்கு மின்னழுத்தம் அளிக்கலாம். டயோடில் ஏறத்தாழ 0.3 வோல்ட் குறைந்தாலும், தரவைக் காக்கப் பொதுவாகத் தேவைப்படும் 2 வோல்ட்டுக்கு மேல் எஞ்சும். பலகையிலுள்ள காப்பு டயோடுக்கு அப்பால், நினைவகத்தின் பக்கத்திலேயே இவ்விணைப்பைத் தருதல் வேண்டும். மின்கல முனையில் தந்தால் பழைய லித்தியம் மின்கலத்திற்குள் மின்னோட்டம் பாயக்கூடும்; அது மின்னேற்றத்திற்கு உரியதன்று. முனை புவியிணைப்புற்ற பற்றவைப்புக் கோல் குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம். ஆதலின் சூடேற்றியபின் அதன் செருகியைப் பிடுங்கிவிட்டுப் பயன்படுத்துதல் நன்று. புதிய மின்கலத்தின் மேல் நேரடியாகப் பற்றவைத்தல் கூடாது. தகடு பொருத்திய மின்கலமே ஏற்றது.

முடிவுரை

பணி முடிந்தபின் மாறிலிகளை முந்தைய படியுடன் ஒப்பிட்டு, அறிந்த மின்னழுத்தம் ஒன்றை அளந்து சரிபார்த்தல் வேண்டும். எனினும் மாறிலிகளைக் காத்தல் அளவுத்திருத்தம் ஆகாது; கருவியின் அளவீடு தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் படித்தரங்களோடு தொடர்புற்றிருப்பதற்குக் காலமுறைச் சோதனையே சான்று. மின்கலம் தீருமுன் எடுத்துவைக்கும் படியே, தொலைவூர்ப் பணிமனைக்குரிய முதற்காப்பு ஆகும்.