சோழகம் வீசியும் யாழ்ப்பாணம் காய்வதேன்?

மோர்னிங்சைட்டில் மழைக்கெனத் தனிக்காலம் கிடையாது. ஆடியிலும் பெய்யும், ஐப்பசியிலும் பெய்யும். மார்கழியில் அதுவே பனியாகக் கொட்டும். ஊரிலே மூன்று மாத மழையைக் கொண்டே ஆண்டு முழுவதும் சீவித்தோம் என்றால் இங்கு பிறந்த எமது பிள்ளைகள் நம்புவதில்லை. "சுற்றிவரக் கடல் இருந்துமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

கடல் காற்றுக்கு ஈரத்தைக் கொடுக்கும். அந்த ஈரம் மழையாவதற்குக் காற்று மேலெழ வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மத்திய மலைநாட்டில் மோதி ஏறுகிறது. ஏறும் வளி 1,000 மீற்றருக்கு ஏறக்குறைய 10 பாகை குளிரும். முகில் திரளத் தொடங்கியதும் குளிரும் வேகம் குறையும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மேற்குச் சரிவுகளில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் வரையில் மழை பொழிவது இதனாலேயே.

மலை கடந்து கிழக்கே இறங்கும் காற்றில் ஈரம் குறைவு. இறங்குகையில் 1,000 மீற்றருக்கு 10 பாகை வீதம் சூடேறிவிடும். மட்டக்களப்பை வாட்டும் கச்சான் காற்று இதுவே. (கச்சான் என்றதும் வறுத்த கடலையை மட்டும் நினைக்கும் இளையவர்கள் கவனிக்க.)

யாழ்ப்பாணத்தின் கதை வேறு. அங்கே மழையை மறிக்கும் மலையுமில்லை, காற்றை உயர்த்தும் மலையுமில்லை. அதே காற்று சோழகம் என்ற பெயருடன் பனைகளை உலுப்பி, புழுதி வாரிக் கடந்து போகின்றது. ஐப்பசியில் காற்றுத் திரும்பினால்தான் பெருமழை. அதையும் பெரும்பாலும் தருபவை வங்கக்கடலில் உருவாகும் தாழமுக்கங்களே. அவை பொய்த்தால் வரட்சி. மிஞ்சினால், 2008 நவம்பரில் நிஷா புயலின்போது கண்டதுபோல, வெள்ளம்.

குடாநாட்டின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர். றொறன்ரோவுக்குக் கிடைப்பதோ 800 அளவில்தான். ஆகவே குறை அளவில் அன்று, காலத்திலேயே உள்ளது. வற்றாத ஆறு இல்லாத அம்மண்ணில், பெய்த நீர் சுண்ணாம்புக்கல்லினுள் இறங்கி, உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீராகத் தங்க வேண்டும். அதுவே கிணற்று நீர். சோழக மாதங்களில் பம்பி வைத்து மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறிவிடும். பின்பு தோட்டமும் இல்லை, குடிநீரும் இல்லை.

இங்குள்ள ஊர்ச்சங்கங்கள் திரட்டும் நிதியில் கோயில் மதிலுக்குக் கிடைக்கும் முதலிடம் தூர்ந்த குளங்களுக்கும் கிடைக்கலாம் என்பது எமது எண்ணம். ஆவணிக்குள் அகழ்ந்து முடித்தால்தான் ஐப்பசி மழை அவற்றில் தங்கும்.