துப்பிய ஓட்டையும் கணக்கில் சேருங்கள்

சூரியகாந்தி விதையை ஓட்டோடு கொறிப்பவரைச் சற்று உற்றுக் கவனியுங்கள். விதையை விரல் நுனியில் பிடித்து, முன்பற்களுக்கு நடுவே நிமிர்த்தி நிறுத்துகிறார். ‘டக்’கென்று ஓடு விரிகிறது. நாக்கு நுனி உள்ளே புகுந்து பருப்பை இழுத்துக்கொள்ள, ஓடு உதட்டோரமாக வெளியே வந்து விழுகிறது. எல்லாம் இரண்டு மூன்று விநாடி வேலை. அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்கு அந்தப் பொறுமையும் கிடையாது. ஒரு பிடியைக் கன்னத்தில் அடக்கி, ஊறவிட்டு, ஒவ்வொன்றாக உடைத்துத் துப்புவார்கள். எப்படிக் கொறித்தாலும் ஓடு நாக்கில் பட்டுத்தான் போகிறது. வாழைப்பழத் தோலை யாரும் சப்புவதில்லை. குவாச்சி என்று நாம் அழைக்கும் இந்த விதையின் ஓட்டைச் சப்பித்தான் சாப்பிடுகிறோம். மலேசியாவில் சீனப் புத்தாண்டானாலும் தீபாவளியானாலும் விருந்தினர் முன்னால் முறுக்கோடு குவாச்சியும் வந்துவிடுகிறது. துப்பிப் போடுவதாலேயே அந்த ஓட்டைக் குப்பை என்று நினைத்துக்கொள்கிறோம். என் வாதம் வேறு: அது உணவின் ஒரு பகுதி. உப்பும் ஆபத்தும் பெரும்பாலும் அந்த ஓட்டோடுதான் வருகின்றன. லேபிளும் அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

உப்பிலிருந்தே தொடங்கலாம். சூரியகாந்திப் பருப்பில் இயற்கையாக இருக்கும் சோடியம் மிகக் குறைவு. 100 கிராம் பச்சைப் பருப்பில் சுமார் 9 மில்லிகிராம்தான். மற்றதெல்லாம் பிறகு சேர்ப்பது. விதையை ஓட்டோடு உப்புநீரில் ஊறவைத்தோ, மசாலாவுடன் வேகவைத்தோ, பிறகு உலர்த்தி வறுக்கிறார்கள். ஓடு உப்பை உறிஞ்சுகிறது, மேலேயும் வெள்ளையாகப் பூக்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுப் பட்டியலில், ஓட்டோடு உப்பிட்டு வறுத்த விதையிலிருந்து கிடைக்கும் பருப்புக்கு 100 கிராமுக்குச் சுமார் 6000 மில்லிகிராம் சோடியம் என்று பதிவாகியிருக்கிறது. ஓடு நீக்கிய பின் உப்பிட்டு வறுத்த பருப்புக்குச் சில நூறு மில்லிகிராம்தான். ஒரே விதை, ஓடு இருக்கிறதா இல்லையா என்பதுதான் வேறுபாடு. அதே பட்டியலின்படி விதையின் எடையில் 46 விழுக்காடு ஓடு. ஆக 50 கிராம் பாக்கெட்டில் பருப்பு 27 கிராம், அந்தக் கணக்கில் சோடியம் 1600 மில்லிகிராமுக்கு மேல். ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 2000 மில்லிகிராம், அதாவது 5 கிராம் உப்பு, போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மலேசியர்கள் சராசரியாக 7.9 கிராம் உப்பு சாப்பிடுவதாகவும், பெரியவர்களில் பத்தில் மூன்று பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகவும் நாட்டின் ஆய்வுகள் சொல்கின்றன. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து ஒரு பாக்கெட்டைக் காலி செய்பவர் அன்றைய சாதத்துக்கும் குழம்புக்கும் எவ்வளவு உப்பை மிச்சம் வைத்திருக்கிறார்? எல்லாத் தயாரிப்பும் இவ்வளவு உப்பாக இருக்காது, சப்பாமல் கொறிப்பவருக்கு உள்ளே போவதும் குறையும். அந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியது லேபிள்தான். அது சொல்லும் ‘100 கிராம்’ பருப்பின் எடையா, ஓட்டோடு சேர்ந்த எடையா? சோடியம் பருப்புக்கு மட்டுமா, ஓட்டில் ஒட்டியிருப்பதையும் சேர்த்தா? அமெரிக்காவில் சில பாக்கெட்டுகள் இரண்டையும் தனித்தனியாக அச்சிடுகின்றன. இங்கே ஏன் கூடாது?

ஓடு இருப்பது நல்லதுதானே, உடைத்து உடைத்துத் தின்பதால் வேகம் குறையும், அளவும் குறையும் என்று சிலர் மறுப்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஓட்டோடு பிஸ்தா கொடுக்கப்பட்டவர்கள் உரித்த பிஸ்தா கொடுக்கப்பட்டவர்களைவிட 41 விழுக்காடு குறைந்த கலோரியே சாப்பிட்டார்கள். ஆனால் பிஸ்தாவைக் கையால் பிளக்கிறோம், சூரியகாந்தி விதையைப் பல்லால் பிளக்கிறோம். ஓடு கலோரியைக் குறைக்கலாம். வாய்க்குள் போய் வரும் ஓடு உப்பைக் குறைக்காது. உடல் எடைக்காக மட்டும் கவலைப்படுபவருக்கு அந்த வாதம் பொருந்தும். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்குப் பொருந்தாது. உப்பிடாத விதையைக் கேட்டு வாங்குவதும், உப்பு விதையைக் கையால் உரித்துத் தின்பதும் எளிய வழிகள். சுவை போய்விடுமே என்றால், நமக்குப் பிடித்தது விதையா, ஓட்டிலுள்ள உப்பா என்று தெரிந்துவிடும்.

தாத்தா காலத்திலிருந்து கொறிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே என்பது இன்னொரு மறுப்பு. ஆகியிருக்கிறது. பல ஆண்டுகள் ஒரே இடத்தில் விதையை வைத்து உடைப்பவரின் முன்பல் விளிம்பில் சிறு பள்ளம் விழும். சீன மொழியில் அதற்கு ‘குவாசிப் பல்’ என்று தனிப் பெயரே இருக்கிறது. பேருக்குள் புகுந்துவிட்ட பழக்கத்தை யாரும் நோயாக நினைப்பதில்லை, அவ்வளவுதான். பல்லில் கம்பி கட்டியிருப்பவர்களும், முன்பல்லில் ஒட்டுப்போட்டவர்களும் ஓட்டு விதைப் பக்கமே போகாமலிருப்பது நல்லது.

பெரியவர்களுக்கு இது மெல்ல வரும் சேதம். சிறு பிள்ளைகளுக்கு நிமிடக் கணக்கில் வருவது. நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு விதைகளும் முழுக் கச்சானும் கொடுக்கவே கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. அரைக்கும் கடைவாய்ப் பல் சரியாக வளராத வாயில் வழுக்கும் பருப்பு, அதோடு சிரிப்பும் ஓட்டமும் சேர்ந்தால், விதை உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடுகிறது. துருக்கி, ஈரான் போன்ற, விதை கொறிக்கும் நாடுகளின் மருத்துவமனைகளில் பிள்ளைகளின் மூச்சுக்குழாயிலிருந்து எடுக்கப்படும் பொருள்களில் சூரியகாந்தி, தர்பூசணி விதைகள் முன்வரிசையில் இருக்கின்றன. இதில் ஏமாற்றும் கட்டம் ஒன்று உண்டு. பிள்ளை திடீரென இருமித் திணறும். சில நிமிடத்தில் அடங்கிவிடும். வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். விதையோ கிளைக்குழாயில் உட்கார்ந்து, ஈரத்தில் ஊறிப் பெருத்து, சுற்றிலும் புண்ணாக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. சில நாள் கழித்து இழுப்பும் காய்ச்சலும் வர, ஆஸ்துமா என்றோ நிமோனியா என்றோ மருந்து ஓடும். ஆகவே இருமல் நின்றாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். “விதை தின்றுகொண்டிருந்தபோது திணறினான்” என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். குழாய்க் கருவியை உள்ளே விட்டுப் பார்த்து எடுப்பதா என்ற முடிவு அதைப் பொறுத்தது. பிள்ளை நன்றாக இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். சத்தமே வரவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் 999-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை தட்டுங்கள். பலிக்காவிட்டால், ஒரு வயதைத் தாண்டியவருக்கு வயிற்றை உள்ளும் மேலுமாக ஐந்து முறை அமுக்க வேண்டும்; அதற்குக் கீழுள்ள குழந்தைக்கு நெஞ்சில். கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழத்துக்குப் போகும்.

துப்பத் தெரியாத பிள்ளைகளும் துப்பச் சோம்பல்படும் பெரியவர்களும் ஓட்டை விழுங்குகிறார்கள். நார்தானே, மலச்சிக்கலுக்கு நல்லது என்ற எண்ணம் இங்கே தலைகீழ். செரிக்காத ஓடுகள் மலக்குடலில் ஒன்றோடொன்று செருகிக் கட்டியாக இறுகும். முக்கினால் குத்தும், கட்டியைச் சுற்றி நீராக மட்டும் கசியும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுப்பதும், மலமிளக்கியை மேலும் மேலும் கொடுப்பதும் தவறு. மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டிய நிலை வந்ததாக மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் இருக்கின்றன.

சரி, பாக்கெட் வாங்கியவருக்கு உரிமை என்ன? மலேசியாவின் 1985 உணவு விதிமுறைகளின்படி உள்நாட்டில் பொதிந்த உணவின் லேபிள் மலாயில் இருக்க வேண்டும். இறக்குமதியானது மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் வேண்டும். சீன எழுத்து மட்டுமே உள்ள பாக்கெட் கடையில் தொங்கினால் அது குறை. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் செய்யலாம். முகவரி வெறும் சம்பிரதாயம் அல்ல. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் பத்தாம் பகுதி, பழுதுள்ள பொருளால் காயம் பட்டால் தயாரிப்பாளரை மட்டுமல்ல, அதை நாட்டுக்குள் கொண்டுவந்தவரையும் பொறுப்பாளியாக்குகிறது. விதையோடு கிடந்த கல்லைக் கடித்துப் பல் உடைந்தால், வெளிநாட்டு ஆலையைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஐந்து ரிங்கிட் விதைக்கு வழக்கா என்று கேட்பார்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யும் கட்டணமும் ஐந்து ரிங்கிட்தான். பொதுவாக வழக்கறிஞர் வைக்க இடமில்லை, 50,000 ரிங்கிட்வரை கோரலாம். ஆனால் பலர் கவனிக்காத ஒரு வரம்பு இருக்கிறது. உடற்காயத்துக்கும் மரணத்துக்கும் அங்கே இழப்பீடு கோர முடியாது. பூசணம் பூத்த பெட்டி, எடை குறைந்த பாக்கெட், லேபிள் சொன்னதற்கு மாறான பொருள் ஆகியவற்றுக்குத் தீர்ப்பாயம். உடைந்த பல்லுக்குச் சிவில் நீதிமன்றம். எங்கே போவதென்று குழப்பமானால் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளிடம் முதலில் கேட்கலாம். எங்கே போனாலும் கையில் வேண்டியவை ஒன்றே: ரசீது, தயாரிப்புத் தொகுதி எண் தெரியும் உறை, அந்தக் கல், அதே உறையில் மூடிவைத்த மிச்ச விதை, அன்றே பார்த்த பல் மருத்துவரின் அறிக்கை. அறிக்கையில் ‘பல் உடைந்தது’ என்று மட்டும் இருந்தால் எதிர்த்தரப்பு பழைய சொத்தைப்பல் என்று சொல்லிவிடும். எதைக் கடித்தபோது உடைந்தது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.