ஆழமாகத் துளைத்தால் நல்ல தண்ணீர் வருமா? மன்னார்த் தீவு மணலின் கணக்கு

ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் புலம்பெயர் உறவுகளின் மனதில் முதலில் வருவது ஒரு கிணறு. ஆபிரிக்கக் கிராமங்களில் குழாய்க் கிணறு அடிக்க நிதி சேர்ப்போரின் நம்பிக்கையும் அதுதான். ஆனால் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி போன்ற ஒரு கரையோர ஊரில், ஆழமாகத் துளைப்பதே கிணற்றை உவராக்கிவிடலாம்.

தீவில் ஆறு இல்லை. வடகீழ்ப் பருவமழையில் மணலுக்குள் இறங்கும் நீர்தான் கிணற்று நீர். நன்னீர் கடல்நீரை விடச் சற்றுப் பாரம் குறைந்தது: ஒரு கனமீற்றர் நன்னீர் 1,000 கிலோ என்றால், கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிலோ. அதனால் மழைநீர், மணலுக்கடியில் உள்ள உப்பு நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. நடுவில் தடிப்பு, கரையோரம் மெல்லியது.

இந்த எடை வித்தியாசத்திலிருந்து ஒரு கணக்கு வருகிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் நிற்கும். நீர்மட்டம் வெறும் 10 சென்ரிமீற்றர் இறங்கினால், கீழிருக்கும் உப்பு எல்லை காலப்போக்கில் 4 மீற்றர் மேலே ஏறலாம். நிலத்தின் தன்மைக்கேற்ப இந்த அளவு மாறும். ஆனால் கணக்குப் போகும் திசை மாறாது.

வாளியால் அள்ளிய காலத்தில் மணல் மெதுவாக ஊறி ஈடு கொடுத்தது. மோட்டார் போட்டு ஒரே இடத்தில் வேகமாக இறைக்கும்போது, குழாயின் அடியில் உப்பு நீர் கூம்பு போல எழும்புகிறது. 2004 சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையில் இதுவே நடந்தது. உப்பேறிய கிணறுகளைச் சுத்தம் செய்ய அளவுக்கு மீறி இறைத்ததில் சில இடங்களில் மேலும் உப்பு ஏறியது.

எருக்கலம்பிட்டிக்கு இன்னொரு சுமையும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடமாகாண முஸ்லிம்களில் இந்த ஊரவர்களும் அடங்குவர். நெடுங்காலம் புத்தளம் பக்கம் வாழ்ந்தவர்கள் திரும்பும்போது குடும்பங்கள் பெருகியிருந்தன, காணி பெருகவில்லை. ஒரே வளவுக்குள் கிணறும் மலசலகூடக் குழியும் நெருங்கி வந்தால், மணல் இரண்டையும் பிரித்து வைக்காது. குழியிலிருந்து வரும் கிருமிகளைக் கொதிக்க வைத்துக் கொல்லலாம். ஆனால் நைத்திரேற்றும் உப்பும் கொதித்தாலும் போகா, நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடவே செய்யும். நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதை மீறிய நீரில் பால்மா கரைத்துக் கொடுப்பது கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

தீவு மக்கள் இல்மனைற் மணல் அகழ்வை எதிர்ப்பதன் ஒரு காரணமும் இதுதான். மழைநீரைப் பிடித்து வைத்திருப்பது அந்த மணலே. மன்னார் நகரத்துக்கான குழாய்நீர்கூட பெருநிலத்தின் முருங்கன் பகுதிக் கிணறுகளிலிருந்துதான் வருகிறது.

ஆபிரிக்க அனுபவம் இங்கே பயன்படும். சகாராவுக்குத் தெற்கே உள்ள கைப்பம்பிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று வேலை செய்வதில்லை என ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. பெரும்பாலும் தண்ணீர் வற்றியதல்ல காரணம். உதிரிப்பாகம் கிடைக்காது, திருத்த ஆள் இல்லை, திருத்தப் பணம் சேர்க்கப்படவில்லை. திறப்பு விழாவோடு கணக்கு முடிக்கப்பட்டதால் வந்த வினை.

ஆகவே கிணறு கட்டித் தர முன்வருவோரிடம் ஊரவர்கள் நான்கு விடயங்களைக் கேட்கலாம். ஆழமான ஒரு குழாய்க்குப் பதில், இடைவெளி விட்ட ஆழம் குறைந்த சில கிணறுகள் போதாதா? ஒரு நாளைக்கு எத்தனை மணிநேரம், எவ்வளவு மெதுவாக இறைப்பது? மழை முடிந்ததும் ஒருமுறை, கோடை முடிவில் ஒருமுறை உப்பையும் நைத்திரேற்றையும் யார் பரிசோதிப்பது? ஐந்து வருடத்தில் பம்பி பழுதானால் திருத்தும் காசு யார் கையில் இருக்கும்?

நான்காவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அந்த நிதியில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கு ஒதுக்கும்படி கேட்பது நன்றி கெட்ட செயல் ஆகாது. பெயர்ப்பலகை நிற்கும் காலம் வரை தண்ணீரும் வர வேண்டும் என்பதுதானே கொடுப்பவரின் விருப்பமும்.